காற்று மட்டும் சொல்பவர்

சிவசைலம் சொன்னால் வண்டி நகரும். திருநெல்வேலிப் புதிய பேருந்து நிலையத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாக இருந்தது. நேரக்காப்பாளர் அறையில் உட்கார்ந்தபடி மைக்கை வாய்க்கருகே இழுத்து, "களக்காடு வண்டி இன்னும் என்னத்துக்கு நிக்கி? பின்னால சாத்தான்குளத்துக்காரரு மூச்சு முட்டி நிக்காரு, எடும்வே" என்று ஒரு குரல் கொடுப்பார். குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓட்டுநர் ஓடி வருவார். மைக் பழுதான நாட்களில் அறையை விட்டு இறங்கிப் போய்ப் பேருந்தின் பக்கத்துத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவார். ஒரு தட்டுக்கு நிற்கும். இரண்டு தட்டுக்குப் போகும்.

பணி ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அந்தக் குரலுக்கு வேலையில்லாமல் போயிற்று. கூடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கேட்டால்கூட நடைமேடை எண் சொல்லுகிற தோரணையில் வருகிறது என்று மனைவி கோமு குறைப்பட்டாள். பிள்ளைகள் இல்லாத வீடு. எதிரொலி வேறு கேட்கும். அந்தச் சமயத்தில்தான் பொட்டல்விளையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று வந்தது. ஆற்றுக்குத் தெற்கே, உடைமரக் காட்டுக்கு நடுவில், யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் அது. நெடுங்காலம் ஆடு மேய்ந்த இடத்தைச் செப்பனிட்டு, தகரக் கொட்டகை ஒன்று போட்டு, சின்ன விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரேடியோ முன்னால் உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டது. தெளிவான குரல் இருந்தால் போதும் என்றார்கள். சிவசைலம் தேர்வு எழுதி, உரிமத் தாள் வாங்கி, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பெரிய விமான நிலையங்களில் உயரமான கோபுரம் ஒன்று இருக்கும். அதில் இருப்பவர் சொல்லுகிற வரிசையில்தான் விமானங்கள் இறங்கும், ஏறும். பொட்டல்விளையில் கோபுரம் கிடையாது. ஓட்டுகிறவர்களே எல்லாருக்கும் பொதுவான அலைவரிசையில், நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இன்ன பக்கம் திரும்புகிறேன், இறங்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு மற்றவர்கள் கண்ணால் தேடி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஆகாயத்தில் ஆளுக்கு ஆள் இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

சிவசைலத்தின் வேலை, காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று சொல்வது. முந்து, பிந்து, திரும்பு, பொறு என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. சேர்ந்த புதிதில் ஒரு நாள் பழக்கதோஷத்தில், "பைய வாரும், முன்னால ஒரு வண்டி இறங்குது" என்று சொல்லிவிட்டார். வந்து இறங்கிய தலைமைப் பயிற்றுநர் கேப்டன் சுப்பராமன் நேரே கொட்டகைக்குள் வந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர். நிறைய வருஷம் வெளியூர்களில் பறந்துவிட்டு, ஆற்றங்கரைக்கே திரும்பி வந்தவர்.

"ஓய் சிவசைலம், இது பஸ் ஸ்டாண்டு இல்ல. நீர் காத்த மட்டும் சொல்லும். மத்ததெல்லாம் மேல இருக்கிறவன் பாத்துப்பான்."

மாணவர்கள் சிரித்தார்கள். சிவசைலமும் சிரித்துவைத்தார். அன்றிலிருந்து காற்றை மட்டும் சொன்னார்.

கேப்டனுக்குப் பேச்சுதான் பலம். தரையில் நடத்துகிற பாடம் அவருக்குப் போதாது. மேலே போன பிறகு, வேறொரு விமானத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மாணவன் ஏதாவது தப்புச் செய்வதைக் கண்டால் பொது அலைவரிசையிலேயே பாடத்தை ஆரம்பித்துவிடுவார். திட்டு, நகைச்சுவை, அவர் வடக்கே பறந்த காலத்துக் கதை எல்லாம் கலந்து வரும். கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். சிவசைலமே ஒலியைக் கூட்டி வைப்பார். விமானங்களைப் பழுதுபார்க்கும் மேலப்பாளையத்து யாசர் அதற்கு ஒரு பேர் வைத்திருந்தான்.

"அண்ணாச்சி, பயான் தொடங்கியாச்சு. சத்தத்தக் கூட்டி வையுங்க."

வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் பிரசங்கத்தில் நடுவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இங்கேயும் அப்படியே ஆகிப்போனது. சார் பேசும்போது மற்ற மாணவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் காத்திருப்பார்கள். அவர் முடித்த பிறகு சொல்வார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மரியாதையென்று அவர்களாகவே கடைப்பிடித்தார்கள். நாளாக ஆக, புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதுவும் பாடத்தில் ஒன்றென்று தோன்றியது.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருத்தி முத்துராணி. மாஞ்சோலையில் தேயிலை பறித்த குடும்பம். எஸ்டேட் மூடியதும் வீட்டைக் காலிசெய்து மணிமுத்தாற்றுக்கு இறங்கி வந்தவர்கள். அரசாங்க உதவித்தொகையில் இடம் கிடைத்து இங்கே வந்தாள். சிவசைலத்தின் வீட்டு மாடி அறையில் தங்கினாள். வந்த மறு வாரமே கோமுவுக்கு அத்தை முறையும் அவருக்கு மாமா முறையும் கொடுத்துவிட்டாள். கோமு அவளுக்காக இட்லிக்கு இரண்டு சட்னி அரைக்க ஆரம்பித்தாள். "எனக்கு இத்தன வருசம் ஒண்ணுதான" என்று சிவசைலம் கேட்டதற்கு, "நீங்க என்ன பிளேனா ஓட்டுதிய" என்றாள்.

இரவுச் சாப்பாட்டில் முத்துராணி பாடம் ஒப்பிப்பாள். அவர் தட்டை ஓடுதளமாக வைத்து, அப்பளத் துண்டை விமானமாக நகர்த்துவாள். ஏறி, இடப்பக்கம் திரும்பி, ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, மறுபடி இரண்டு தரம் இடப்பக்கம் திரும்பினால் ஓடுதளம் நேரே வந்துவிடும். அதுதான் வட்டம். ஒவ்வொரு திருப்பத்திலும் ரேடியோவில் சொல்ல வேண்டும். ஒப்பிக்கும்போது கரண்டிக் காம்பை வாய்க்கு நேரே பிடித்து ஒன்றுவிடாமல் சொல்வாள். சிவசைலம் தன் பங்குக்குக் காற்றைச் சொல்வார்.

பங்குனி மாதத்தில் ஒரு காலை முத்துராணி முதல்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரே ஒரு வட்டம். அவளுக்குக் கற்றுக்கொடுத்த பத்மப்ரியா கூடவே ஓடுதளத்தின் முனைவரை போய், விமானத்தை விட்டு இறங்கி, ஓரத்தில் நின்றுகொண்டாள். கைபேசியை எடுத்துப் படம்பிடிக்கத் தயாரானாள். முதல் தனிப்பறப்பு முடிந்து வருகிறவர்களின் தலையில் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றுவது பள்ளியின் வழக்கம். யாசரும் மாணவர்களும் குழாயடியில் வாளிகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்புமுன் முத்துராணி தன் கைபேசியை சிவசைலத்திடம் கொடுத்தாள். "அம்மா கூப்பிடுவா மாமா. இறங்குன பொறவு எடுங்க. முன்னால எடுத்தியன்னா அழுவா."

அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காற்று கிழக்கிலிருந்து, மெல்லியது என்று சொன்னார். வெள்ளை விமானம் கிழக்கே ஓடி எழும்பியது. இடப்பக்கம் திரும்பியதை அவள் குரல் சொன்னது. கரண்டிக் காம்பில் சொன்ன அதே குரல், கொஞ்சம் நடுக்கத்தோடு.

அப்போது ரேடியோவில் கேப்டன் வந்தார்.

அவர் விடியற்காலையிலேயே ஸ்ரீராகவ் என்ற மாணவனை ஏற்றிக்கொண்டு மணிமுத்தாறு அணைப் பக்கம் போயிருந்தார். இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இப்போது திடீரென்று பாதி வாக்கியத்திலிருந்து அவர் குரல் வந்தது. "...கைய இறுக்காத. ஆட்டுக்குட்டியப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிற. ரெண்டு விரல் போதும்டா."

"பயான்" என்றான் யாசர், வாளியோடு வாசலைத் தாண்டியபடி. சிவசைலம் சிரித்துக்கொண்டே ஒலியைக் கூட்டினார். பேச்சு நின்றபாடில்லை. விரலைப் பற்றி, காலைப் பற்றி, ஸ்ரீராகவின் தகப்பனார் கணக்கு வாத்தியாராக இருந்தும் பிள்ளைக்கு உயரம் கணிக்கத் தெரியாததைப் பற்றி. சன்னலுக்கு வெளியே வடக்கு வானில் முத்துராணியின் விமானம் மேற்கு நோக்கி அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. இணையாகப் பறக்கிறேன் என்று அவள் இந்நேரம் சொல்லியிருக்க வேண்டும். சார் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

"கீழ அந்தச் சிவசைலம் இருக்கானே" என்றது ரேடியோ. "நல்ல மனுஷன்தான். ஆனா வாயத் திறந்தா அஞ்சாவது பிளாட்பாரம்தான். காத்த அறிவிக்கச் சொன்னா, காத்து எத்தன மணிக்குப் புறப்படும்னு சொல்றவன் மாதிரி ஒரு முகம்."

ஸ்ரீராகவ் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

சிவசைலத்துக்கு முதலில் காதுமடல் சூடாயிற்று. அடுத்த கணம்தான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது. கேப்டன் எவ்வளவு திட்டினாலும் எதிரில் வைத்துத்தான் திட்டுவார். முதுகுக்குப் பின்னால் சொல்வதை உலகமே கேட்கும் அலைவரிசையில் சொல்ல மாட்டார். பக்கத்திலிருப்பவன் சிரிப்பும் இப்படி விடாமல் வராது. பேசுவதற்கு அழுத்துகிற பொத்தான் விமானத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் உள்ளே பேசுவது முழுதும் வெளியே வருகிறது. அந்தப் பொத்தான் அழுந்தியிருக்கும்வரை அவர்கள் காதில் வெளியிலிருந்து ஒன்றும் விழாது. முத்துராணி பறக்கிறாள் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அவர் வெளியே ஓடிவந்து மேற்கே பார்த்தார். மலைப் பக்கமிருந்து நேர்கோட்டில் கேப்டனின் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. வட்டத்துக்குள் வராமல் நேரே ஓடுதளத்தை நோக்கி. வடக்கிலிருந்து முத்துராணி அந்தக் கோட்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தாள். கேப்டன் வேகமாக, மேலே. முத்துராணி மெதுவாக, கீழே.

அவளுடைய விமானத்தில் இறக்கை தலைக்கு மேலே. கேப்டனுடையதில் வயிற்றுக்குக் கீழே. மேல் இறக்கைக்காரனுக்கு மேலே தெரியாது, கீழ் இறக்கைக்காரனுக்குக் கீழே தெரியாது என்று யாசர் எப்போதோ வேடிக்கையாகச் சொன்னது அவருக்கு நினைவு வந்தது.

உள்ளே ஓடிப் பொத்தானை அழுத்தினார். காற்றாவது கீற்றாவது. "முத்துராணி, மேல பாரு பிள்ள, உனக்கு மேல சாரு இருக்காரு" என்று கத்தினார். விட்டதும் ரேடியோ கீச்சென்று அலறி ஓய்ந்தது. இரண்டு குரல் ஒரே நேரத்தில் போனால் யாருக்கும் எதுவும் விளங்காது, கீச்சுச் சத்தம்தான் மிஞ்சும். மறுபடி அழுத்தினார். மறுபடி கீச்சு. கேப்டனின் கைபேசிக்குக் கூப்பிட்டார். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பள்ளியின் ஜீப்பை எடுத்து ஓடுதளத்தின் குறுக்கே நிறுத்தினால் என்ன என்று தோன்றியது. சாவி ஆணியில் தொங்கியது. எடுத்துவிட்டு நின்றார். ஓடுதளம் மறிக்கப்பட்டிருப்பதைக் கண்டால் இரண்டு பேரும் இறங்காமல் மறுபடி மேலே ஏறுவார்கள். மேலே இருப்பவர் முதலில் பார்ப்பாரா, கீழே இருப்பவள் பார்ப்பாளா. கீழே இருப்பவள் முதலில் ஏறினால் நேரே அந்த வயிற்றில் போய் முட்டுவாள். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். இத்தனை வருஷம் தட்டிய தகரம் எதுவும் எட்டுகிற தூரத்தில் இல்லை.

சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. 'அம்மா' என்று திரையில் வந்தது. மணிமுத்தாற்றிலிருந்து ஆறுமுகத்தாய். அவர் அதை வெறுமனே நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு விமானங்களும் இப்போது ஒரே கோட்டில் இருந்தன, ஒன்றின் மேல் ஒன்று. இடையிலிருந்த வானம் சுருங்கிக்கொண்டே வந்தது. குழாயடியில் மாணவர்கள் கைதட்டத் தயாராக நின்றார்கள். ஓரத்தில் பத்மப்ரியா படம்பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ரேடியோவில் கேப்டனின் குரல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"உயரத்தப் பாத்தியா? இப்படி வந்தா எங்கடா இறங்குவ, தூத்துக்குடியிலயா? குறைக்கிறியா? இல்ல, போதும். விடு. குடு இங்க. மேல போலாம். இன்னொரு தரம் வந்து ஒழுங்கா இறக்கு."

மேலே இருந்த விமானத்தின் சத்தம் மாறியது. மூக்கை உயர்த்திக்கொண்டு அது ஓடுதளத்தின் நீளத்துக்கும் மேலே ஏறிப் போயிற்று. அதன் நிழல் முத்துராணியின் இறக்கை மேல் விழுந்து கடந்தது. அவள் ஒன்றும் அறியாதவளாக, பூவை வைப்பது போல விமானத்தைத் தரையில் வைத்தாள்.

எல்லாரும் ஓடினார்கள். சிவசைலம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கைபேசி மறுபடி அதிர்ந்தது. எடுத்தார்.

"அண்ணாச்சி, பிள்ள இறங்கிட்டாளா?"

"இறங்கிட்டாம்மா."

"நல்லா இறங்கினாளா?"

"நல்லா இறங்கினா" என்றார். அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

நனைந்த தலையோடு முத்துராணி ஓடி வந்தாள். "மாமா, சாரு எனக்காகவே ஓடுதளத்த விட்டுக்குடுத்து மேல போனாரு, பாத்தியளா?"

"நீ இருக்கிற எடத்த ஏன் பிள்ள சொல்லல?"

"சாரு பேசிட்டிருந்தாருல்லா. நடுவுல எவனோ குறுக்க வந்து கீச்சு கீச்சுன்னு சத்தம் வேற. எனக்கே கூச்சமாப் போச்சு."

கேப்டன் இறங்கியதும் யாசர் பொத்தானைக் கழற்றிப் பார்த்தான். ஓரத்தில் பிசின் போல அழுக்கு ஏறி ஒட்டியிருந்தது. "சார், நீங்க பேசுனது எல்லாம் இங்கன கேட்டுச்சு" என்றான் தயங்கி. கேப்டனின் முகம் மாறியது. நேரே சிவசைலத்திடம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய், மன்னிச்சுக்கும். நான் சொன்னத மனசுல வச்சுக்காதீர். விளையாட்டாப் பேசினது."

"நான் அதச் சொல்லல சார். அந்தப் பிள்ள உங்களுக்கு நேர் கீழ இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் தெரியல."

"பாத்தேனே. பாத்துத்தானே தூக்கினேன்."

ஸ்ரீராகவ் தன் காலணியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிவசைலம் அவனைப் பார்த்தார். அவன் நிமிரவில்லை. கேப்டன் நிஜமாகவே அப்படி நம்புகிறார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. அதுதான் சிவசைலத்தை மேலே பேசவிடாமல் செய்தது.

"அண்ணாச்சி கோவமா இருக்காரு" என்று கேப்டன் எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "இனிமே எவனும் பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லப்படாது. நானும் சொல்ல மாட்டேன்."

சொன்னபடி நடந்தும் கொண்டார். அன்றிலிருந்து சிவசைலத்துக்கு மரியாதை கூடிவிட்டது. அவர் அந்தக் காலையைப் பற்றி வாயெடுத்தால், பாவம், அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை என்று எல்லாரும் இரக்கத்தோடு பார்த்தார்கள். யாசர்கூடத் தோளில் கைவைத்து, "விடுங்க அண்ணாச்சி, அவரே இறங்கி வந்து கேட்டுட்டாருல்லா" என்றான்.

பத்மப்ரியா எடுத்த படம் ஒன்று மிச்சமிருந்தது. அதைக் காட்டினால் விளங்கும் என்று நினைத்தார். ஆனால் அவர் கேட்பதற்கு முன்பே அது எல்லார் கைபேசியிலும் வந்துவிட்டது. கீழே மாணவி, மேலே தலைமைப் பயிற்றுநர், பின்னால் வீணை இசை. அடியில் இதயங்கள் குவிந்திருந்தன. "பாரு தாயி, எவ்வளவு கிட்ட" என்று அவர் பத்மப்ரியாவிடம் விரலை வைத்துக் காட்டினார். "கேமராவுல அப்படித்தான் தெரியும் அண்ணாச்சி" என்றாள் அவள், நோகாமல். மணிமுத்தாற்றில் ஆறுமுகத்தாய் அதிலிருந்து ஒரு காட்சியை அச்செடுத்து, சட்டம் போட்டு மாட்டிவிட்டாளாம்.

வீட்டில் ஒரு நாள் சாப்பாட்டின்போது இரண்டு அப்பளத் துண்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துக் காட்டினார். முத்துராணி கவனமாகப் பார்த்தாள்.

"நெசமாவா மாமா?"

"நெசந்தான்."

"பொத்தான்தான் சரி பண்ணியாச்சே."

"பொத்தான் கெடக்கு. சாரு பேசும்போது நீ வாயத் திறப்பியா? அதச் சொல்லு."

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "அவருக்குக் குறுக்க எப்படி மாமா பேச? பொறவு மத்தவங்க என்ன சொல்லுவாங்க, கொழுப்புன்னு சொல்ல மாட்டாங்களா. அதுவும் என்னைய மாதிரி ஒருத்தி." அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கோமு இரண்டாவது சட்னிக் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

மறுவாரம் முத்துராணி மறுபடி தனியாகப் போனாள். கேப்டனும் மேலே இருந்தார். இந்த முறை பொத்தான் சரியாகவே இருந்தது. குருபிரசாத் என்பவன் வேறொரு விமானத்தில் அகலமாகத் திரும்பியதைக் கண்டுவிட்டு, கேப்டன் தாமே விரும்பிப் பாடத்தை ஆரம்பித்தார். வட்டத்தின் வடக்குப் பக்கத்தில் முத்துராணியின் விமானம் மௌனமாகப் போய்க்கொண்டிருந்தது. யாசர் டீயோடு வந்து உட்கார்ந்தான்.

கேப்டன் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கினார். சிவசைலம் பொத்தானை அழுத்தி, காற்று கிழக்கிலிருந்து, மெல்லியது என்றார்.

கேப்டன் தொடர்ந்தார். வடக்கே பறந்த காலத்துக் கதை ஒன்று. அடுத்த மூச்சில் சிவசைலம் மறுபடி அழுத்தினார். காற்று கிழக்கிலிருந்து.

"அண்ணாச்சி, காத்து மாறவே இல்லையே" என்றான் யாசர்.

"காத்து ஆச்சுல்ல ஓய்" என்றது ரேடியோ. குரலில் எரிச்சல் இருந்தது. ஆனால் மரியாதை காட்டுவதாகச் சொன்ன மனிதர். அதனால் அவர் கொஞ்சம் பேசாமல் இருந்தார்.

சிவசைலம் இன்னொரு தரம் காற்றைச் சொன்னார். பேருந்து நிலையத்துக் குரலில், ஒவ்வொரு சொல்லாக. சொல்லிவிட்டுப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். அலைவரிசை காலியாக இருந்தது. லேசான இரைச்சல் மட்டும் கேட்டது. வடக்கு வானில் அந்த வெள்ளை விமானம் திரும்ப வேண்டிய இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒலியைக் கடைசிவரை கூட்டி வைத்துவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தார்.